கோத்தகிரியில் வீட்டுப் புல்தரை: விதை போட்டு எடுக்க முடியுமா?

தேயிலைமேட்டுக்காரி, கோத்தகிரி – பிப்ரவரி 19

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரி ஊரைத் தாண்டி மாமனாருக்கு 12 சென்ட் தேயிலை நிலம் இருந்தது. அதில் வீடு கட்டிக் குடிவந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் கிழக்குப் பார்த்தாற்போல 45 அடிக்கு 20 அடி இடம் சும்மா கிடக்கிறது. அதைப் புல்தரை ஆக்க வேண்டும் என்று வீட்டில் ஆளுக்கு ஓர் ஆசை. பெரியவனுக்கு ஏழு வயது, பந்து விளையாட இடம் வேண்டும். சின்னவள் தவழ ஆரம்பித்திருக்கிறாள், வாசல் சிமெண்டில் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வருகிறாள். அத்தைக்குக் காலை வெயிலில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும். மாமா எதையும் கேட்கமாட்டார். ஆனால் அங்கே நின்ற தேயிலையைப் பிடுங்கிய நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் போவதே இல்லை. அங்கே மறுபடி பச்சை வந்தால் போவார் என்று எனக்குத் தோன்றுகிறது.

போன அக்டோபரில் ஒரு முறை போட்டுப் பார்த்தோம். ஆன்லைனில் 2 கிலோ கலப்பு விதை வாங்கி, மண்ணை மேலாகக் கொத்திவிட்டுத் தூவினோம். எட்டாம் நாள் ஊசி ஊசியாக முளை வந்தது. பையன் அதை எண்ண உட்கார்ந்துவிட்டான். அப்புறம் மூன்று ராத்திரி விடாத மழை. விதை, முளை, மேல்மண் எல்லாம் வழித்துக்கொண்டு கீழே தடுப்புச் சுவரோரம் போய்ச் சேர்ந்தன. இன்றைக்குச் சுவரை ஒட்டி இரண்டு சாண் அகலத்துக்கு அருமையான புல் நிற்கிறது. மீதி இடமெல்லாம் செங்கல் மாதிரி இறுகிய சிவப்பு மண்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் கிகுயூ புல் நடச் சொல்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். என் அப்பா கேத்தியில் உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்டவர். வரப்பிலிருந்து உள்ளே வந்த கிகுயூ வேரைப் பொறுக்கியே எங்கள் பள்ளி விடுமுறைகள் போயின. ஒரு கணு விட்டுப்போனாலும் அடுத்த மாதம் அங்கே புல் நிற்கும். எங்கள் கீழ் எல்லைக்கு அந்தப் பக்கம் இன்னொருவருடைய தேயிலை இருக்கிறது, அவருக்கு அந்த வேலையைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விதையில் எடுக்க முடியுமா? எந்த மாதம் போடலாம், எந்த விதை? மறுபடியும் மழையில் போனால் பையன் முகத்தைப் பார்க்க முடியாது.

ஃபிங்கர்போஸ்ட் சிவப்புவீடு, உதகை – பிப்ரவரி 19

அக்கா, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் கிகுயூவுக்காக நான் ஒரு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். நம் தாவரவியல் பூங்காவின் கீழ்த்தோட்டப் புல்வெளி முழுக்க அந்தப் புல்தான். கோடையில் அத்தனை பேர் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள், அது தாங்குகிறது. கிழக்கு ஆப்பிரிக்க மலைப்புல் என்பதால் நம் உயரம் அதற்குச் சொந்த ஊர் மாதிரி. கணுவோடு கிள்ளிய துண்டை அரை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் ஒரு மழைக்காலத்தில் தரை மூடிவிடும். சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ள அதைவிடச் சுலபமான புல் எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் 15 வருடமாக இருக்கிறது.

பனி மட்டும் பிரச்சினை. டிசம்பர், ஜனவரியில் எங்கள் பள்ளத்தில் உறைபனி விழுந்தால் நுனி கருகிப் பழுப்பாகும். பூங்காவில் அந்த நாட்களில் ஸ்பிரிங்ளரில் தண்ணீர் அடிப்பார்கள், பூச்செடிகளை மிலாறு என்ற செடிக் கொப்புகளைப் போட்டு மூடுவார்கள். மார்ச்சில் தானாகவே பச்சை திரும்பிவிடும். எல்லையில் ஒரு அடி ஆழத்துக்குத் தகடு புதைத்தால் பக்கத்துத் தோட்டத்துக்குப் போகாது. யோசித்துப் பாருங்கள்.

பழைய ஃபீல்டு ஆபீசர், குன்னூர் – பிப்ரவரி 20

அம்மா, விதையில் எடுக்கலாம். உங்களுக்குப் போன முறை விதை தவறவில்லை. எட்டு நாளில் முளைத்திருக்கிறது, சுவரோரம் இன்னும் நிற்கிறது. தவறியது மாதமும் மண்ணும்.

முதலில் மாதம். நம் மாவட்டத்தில் ஒரே நாளில் ஒரு பக்கம் வெயிலும் ஒரு பக்கம் வெள்ளமும் இருக்கும். கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. உங்கள் கோத்தகிரியும் எங்கள் குன்னூரும் கிழக்குச் சரிவு. நமக்குப் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். 2009 நவம்பரில் நம் பக்கம் மலை சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். அதனால் அக்டோபரில் விதை போடுவது, வெள்ளம் வரப்போகிற ஆற்றில் நாற்று நடுவது போல. ஆனி, ஆடியில் நமக்கு வருவது சாரலும் மஞ்சும். மண் காயாது, அடித்துக்கொண்டும் போகாது. குளிர்ப் பிரதேசப் புல் விதைக்கு அதுதான் தொட்டில். ஜூன் இரண்டாம் வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே கோடைமழை வேண்டாம், இடியோடு வந்து குழி பறித்துவிடும்.

மே மாதத்துக்கு முன் மண் வேலை முடிந்திருக்க வேண்டும். இன்றைக்கே ஆரம்பித்தால் சரியாக இருக்கும்.

செங்கல் போன்ற சிவப்பு மண் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தேயிலை நின்ற மேல்மண் இல்லை. தேயிலைக்குக் கீழே இலை மக்கிய கருமண் கொஞ்சமாவது இருக்கும். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டிய அடிமண்ணை யாரோ அந்த இடத்தில் பரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கட்டட வேலையில் இது எங்கும் நடப்பது. அந்த மண்ணில் எந்த விதையும் முளைக்கும், எதுவும் நிலைக்காது. இரண்டு இடத்தில் முழங்கால் ஆழம் குழி வெட்டிப் பாருங்கள். ஒன்று வீட்டோரம், ஒன்று கீழ்ச் சுவரோரம். நிறம் எங்கே மாறுகிறது என்று எனக்கு எழுதுங்கள். 20 அடி அகலத்துக்கு எத்தனை அடி இறக்கம் என்றும் அளந்து சொல்லுங்கள். ஒரு கயிறும் டியூப் லெவலும் போதும்.

கிகுயூ விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நானும். 34 வருடம் எஸ்டேட்டில் இருந்தேன். கான் சுத்தம் செய்ய ஆள் போட்ட கணக்கில் பாதி அந்தப் புல்லுக்குப் போயிருக்கும். (கான் என்றால் தேயிலைச் சரிவில் வெட்டும் வடிகால். எங்கள் குடும்பம் 1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்தது, அங்கே சொன்ன வார்த்தையைத்தான் இன்றும் சொல்கிறோம்.) உதகைத் தம்பி சொன்ன தகடு ஒரு நாலு வருடம் காக்கும். அதற்குள் புல் தகட்டுக்கு மேலேயே ஓடிவரும். வாரம் ஒரு முறை ஓரம் வெட்டுகிற வீட்டில் மட்டும் அதை வைக்கலாம்.

தேயிலைமேட்டுக்காரி – பிப்ரவரி 23

ஐயா, குழி வெட்டினோம். நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது. வீட்டோரக் குழியில் இரண்டடி வரை ஒரே சிவப்பு, நடுவில் சிமெண்ட் கட்டியும் உடைந்த டைல்ஸும். சுவரோரக் குழியில் 14 அங்குலம் சிவப்பு, அதன் கீழே திடீரென்று கருப்பு மண். கையில் எடுத்தால் உதிர்கிறது, தேயிலை வேர்கள் இன்னும் இருக்கின்றன. மாமா குழிக்குள் இறங்கி அந்த மண்ணை ஒரு கைப்பிடி எடுத்து முகர்ந்து பார்த்தார். "இதுதான் நம்ம மண்ணு" என்றார். கட்டடம் கட்டியவரிடம் மேல்மண்ணைத் தனியாக வையுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், எனக்குத் தெரியவில்லை.

20 அடிக்கு இறக்கம் 2 அடி. சுவரில் தண்ணீர் வெளியேற வைத்த குழாய்களில் மூன்று, வழிந்து வந்த மண்ணால் அடைத்திருக்கின்றன. இன்னொன்று: தென்மூலையில் ஒரு சில்வர் ஓக் நிற்கிறது, மதியத்துக்கு மேல் அங்கே நிழல்.

பழைய ஃபீல்டு ஆபீசர், குன்னூர் – பிப்ரவரி 24

அந்தக் குழாய்களை இன்றைக்கே குத்தி விடுங்கள். புல்லெல்லாம் அப்புறம். தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் சுவர் தாங்காது. நம் ஊரில் மழைக்காலத்தில் விழும் சுவர்களில் பல, பின்னால் தண்ணீர் கட்டியதால் விழுபவை.

கருப்பு மண் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். கணக்கைப் பாருங்கள். 20 அடி முழுவதையும் புல்லாக்க வேண்டாம். மேலே வீட்டை ஒட்டி 12 அடி புல்லுக்கு, கீழே 8 அடி செடிகளுக்கு. 45-க்கு 12 என்றால் 540 சதுர அடி. ஏழு வயதுப் பையன் ஓட அது போதும், பிப்ரவரி, மார்ச் தண்ணீர்க் கஷ்டத்தில் அதற்குமேல் நனைக்கவும் முடியாது. கீழ்ப்பகுதியில் கருமண் அரை அடி கனம் இருந்தால், 45-க்கு 8 இடத்தில் 180 கன அடி கிடைக்கும். அதை 540 சதுர அடியில் பரப்பினால் 4 அங்குலம். வெளியே மண்ணுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை. சோலைக்காட்டு ஓரத்தில் அள்ளிய மண்ணை லோடு அடித்துத் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள், அது திருட்டு மண்.

வேலை வரிசை இப்படி. கீழே 8 அடியில் சிவப்பு மண்ணை ஒதுக்கிக் கருமண்ணை எடுத்துத் தனியே குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். மேலே 12 அடியில் இப்போது 14 அங்குலத்துக்கு மேல் இறக்கம் இருக்கும். வீட்டோரம் வெட்டி, கீழ்விளிம்பில் நிரப்பி, இறக்கத்தை 3 அங்குலத்துக்குக் கொண்டுவாருங்கள். முழு மட்டமாகச் செய்துவிடாதீர்கள், தண்ணீர் வீட்டுப் பக்கம் நிற்கும். சரிவு எப்போதும் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். 12 அடி முடிகிற இடத்தில் கல் அடுக்கி ஒரு படி, படிக்குக் கீழே ஒரு கான், முக்கால் அடி ஆழம், ஓரமாக வடிகாலில் சேருகிறாற்போல. இந்தக் கான் இருந்திருந்தால் போன அக்டோபரில் உங்கள் விதை பாதியாவது மிஞ்சியிருக்கும்.

மட்டம் சரியானதும் அடிமண்ணை முள்கொத்தால் அரை அடி குத்திப் புரட்டுங்கள். டைல்ஸ், கம்பி, கல் எல்லாம் பொறுக்கிவிடுங்கள், குழந்தை தவழப் போகிற இடம். தேயிலைத் தூர் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. அது மக்கும்போது அந்த இடம் பள்ளம் விழும், காளான் கிளம்பும். அதற்குமேல் கருமண், அதோடு நன்றாக மக்கிய தொழு உரம் இரண்டு அங்குல கனத்துக்கு.

அடுத்தது புளிப்பு. தேயிலை 4.5 முதல் 5.5 வரை பி.எச். (மண்ணின் புளிப்பு அளவு, எண் குறைந்தால் புளிப்பு கூடுதல்) உள்ள மண்ணில் சந்தோஷமாக இருக்கும். நீங்கள் போடப்போகிற புல்லுக்கு 6-க்கு மேல் இருந்தால் நல்லது. ஐந்தாறு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்து, கலந்து, அரை கிலோ பரிசோதனைக்குக் கொடுங்கள். அதற்குத் தக்கபடி டோலமைட் (புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் பொடி) போடலாம். புளிப்பு அதிகம் என்று வந்தால் சதுர மீட்டருக்கு 250 கிராம், உங்கள் 50 சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரை கிலோ. ஏப்ரலிலேயே போட்டு மண்ணோடு கலந்துவிடுங்கள், வேலை செய்ய ஒன்றிரண்டு மாதம் எடுக்கும். யூரியாவையும் டோலமைட்டையும் ஒரே நாளில் போடாதீர்கள்.

இதெல்லாம் முடிந்ததும் விதை போட்டுவிடாதீர்கள். நிறையப் பேர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். மே மாதம் முழுக்க அந்த மண் வெறுமனே கிடக்கட்டும். கோடைமழைக்குக் களை விதையெல்லாம் முளைக்கும். புளியாரை, கிகுயூத் துண்டு, எல்லாம் தலை காட்டும். ஆழமாகக் கிளறாமல் மேலாகச் சுரண்டி எடுங்கள். மறுபடி முளைத்தால் மறுபடி சுரண்டுங்கள். இந்த ஒரு மாதப் பொறுமை பின்னால் இரண்டு வருடம் குனிகிற வேலையை மிச்சப்படுத்தும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

விதைக்கு வருகிறேன். நம் உயரத்தில் பெரெனியல் ரைகிராஸும் டால் ஃபெஸ்க்யூவும் கலந்து போடுங்கள். ரைகிராஸ் ஒரு வாரத்தில் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும், ஃபெஸ்க்யூ மெதுவாக வந்து வேரை ஆழமாக விடும், கொஞ்சம் நிழலும் தாங்கும். அருகம்புல் விதை கீழ்நாட்டுக்குச் சரி, அதற்குச் சூடு வேண்டும், நம் ஜூன் குளிரில் தூங்கிவிடும். சதுர மீட்டருக்கு 30 கிராம் கணக்கு. உங்களுக்கு ஒன்றரை கிலோ. வாங்கியதும் 100 விதையை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். இரண்டு வாரத்தில் 85, 90 முளைத்தால் நல்ல விதை. 65, 70 என்றால் அதற்கேற்ப அளவைக் கூட்டுங்கள். எண்ணுகிற வேலையைப் பையனிடம் கொடுங்கள்.

பேத்துப்பாறை, கொடைக்கானல் – பிப்ரவரி 26

நாங்கள் பழனி மலைக்காரர்கள், ஆனாலும் மழைக் கணக்கு உங்கள் கோத்தகிரி மாதிரிதான், பெருமழை ஐப்பசியில். ஐயா சொன்ன ஆனிச் சாரல் விஷயத்தை நான் இரண்டு தடவை பட்டுத் தெரிந்துகொண்டேன்.

சகோதரி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். புதுப்புல்லைத் தேடிக் காட்டுமாடு வரும். எங்கள் வீட்டில் முளைத்து ஐந்தாவது வாரம், மண் இன்னும் மெத்தென்று இருக்கும்போது ஒரு பெரிய மாடும் கன்றும் ராத்திரி வந்து நின்று மேய்ந்துவிட்டுப் போயின. புல் போனது பெரிதில்லை, வெட்டினால் வளர்வதுபோல வளர்ந்துவிட்டது. குளம்புக் குழிதான், அரை அடி ஆழம், நாற்பதுக்கு மேல். அதை ரோலர் போட்டு அமுக்கலாம் என்று நினைத்தேன், தப்பு, மண் இறுகிவிடுகிறது. முள்கொத்தைக் குழியின் ஓரத்தில் செருகி மெதுவாக நெம்பித் தூக்கி, மீதிக்கு மணலும் எருவும் கலந்து நிரப்பி, மேலே விதை தூவினேன். ஒரு மாதத்தில் தெரியவில்லை.

மாட்டை விரட்டப் போகாதீர்கள். டார்ச் அடித்துப் பக்கத்தில் போனவர்கள் அடிபட்டிருக்கிறார்கள். வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடுவே கேட் இருந்தால் அதைச் சாத்தி வைத்தால் போதும், அது வழி மாறிப் போய்விடும். பன்றி வேறு கதை. அது புல்லுக்கு வராது, மண்ணிலுள்ள புழுவுக்கு வரும். மக்காத சாணம் போட்டால் வேர்ப்புழு பெருகும், புழு பெருகினால் பன்றி வந்து உழுதுவிடும். எருவை முகர்ந்து பாருங்கள், சாண வாடை அடித்தால் அது இன்னும் தயார் இல்லை.

எறும்பும் உண்டு. விதை தூவிய அன்றைக்கே வரிசை போட்டு அள்ளிக்கொண்டு போகும். அதனால்தான் நான் விதையை மேலே விடாமல் சலித்த எருவை அரை விரல் கனம்கூட இல்லாமல் மெல்லத் தூவி மூடுகிறேன்.

தேயிலைமேட்டுக்காரி – ஜூன் 16

ஐயா, முந்தாநாள் விதை போட்டுவிட்டோம். ஈரத்துணியில் 100-க்கு 68 முளைத்தது, அதனால் 2 கிலோ போட்டேன். மண் பரிசோதனையில் பி.எச். 4.9 வந்தது, டோலமைட் ஏப்ரல் முதல் வாரம் போட்டாயிற்று. மேயில் இரண்டு முறை களை சுரண்டினோம். இரண்டாவது முறை வந்தது பாதிகூட இல்லை.

போட்ட விதத்தைச் சொல்கிறேன், தப்பிருந்தால் சொல்லுங்கள். மண்ணைக் குதிகாலால் மிதித்து மிதித்து நடந்து இறுக்கினோம், பள்ளம் தெரிந்த இடத்தில் மண் போட்டோம், பிறகு ரேக் போட்டு மேலே மட்டும் உதிர வைத்தோம். நடந்தால் கால் தடம் மேலாகத்தான் பதிகிறது. விதையைக் காய்ந்த மணலோடு கலந்து இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை நீளவாக்கிலும் ஒன்றைக் குறுக்காகவும் தூவினேன். ரேக்கின் பின்பக்கத்தால் தடவி, எரு சலித்துப் போட்டு, பலகை வைத்து அதன்மேல் ஏறி நின்று அமுக்கினோம். கீழ்விளிம்பில் நாலடி அகலத்துக்கு மட்டும் பழைய சணல் சாக்குகளைப் பிரித்து விரித்து மூங்கில் ஆப்பு அடித்திருக்கிறேன், அங்கேதான் எனக்குப் பயம். பூவாளியில் காலையில் ஒரு தடவை தெளித்தேன். நேற்றிலிருந்து சாரல், தெளிக்க வேண்டியதே இல்லை.

பழைய ஃபீல்டு ஆபீசர், குன்னூர் – ஜூன் 16

சரியாகச் செய்திருக்கிறீர்கள். சாக்கை முளை ஒரு அங்குலம் வந்ததும் எடுத்துவிடுங்கள், விட்டால் புல் அதோடு பின்னிக்கொண்டு வேரோடு வந்துவிடும். மாலையில் எடுங்கள், வெயிலில் வேண்டாம். இரண்டு நாள் மழை விட்டாலும் மேல்மண் காயக் கூடாது. முளைத்த விதைக்கு ஒரு மதியம் காய்ந்தாலே போதும், உயிர் போய்விடும்.

தேயிலைமேட்டுக்காரி – ஆகஸ்ட் 30

எல்லோருக்கும் நன்றி சொல்ல வந்தேன், கூடவே ஒரு கேள்வியும் இருக்கிறது.

ஏழாம் நாள் ரைகிராஸ் வந்தது. ஃபெஸ்க்யூவுக்குப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. ஜூலையில் ஒரு ராத்திரி பெரிய மழை பெய்தது. நான் தூங்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் கான் நிறையச் செம்மண் தண்ணீர், புல் இருந்த இடத்தில் புல் இருக்கிறது. நானும் அவரும் மழையிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். பன்றி ஒரு மூலையை மட்டும் தோண்டியது, ஒரு பாய் அளவு இடம். மறுவிதை போட்டு அதுவும் மூடிவிட்டது.

ஜூலை 26 முதல் வெட்டு. புல் மூன்றரை அங்குலம் வந்தபிறகு, காய்ந்த நாளாகப் பார்த்து, மேலே ஒரு அங்குலம் மட்டும் எடுத்தேன். மெஷின் வாங்கவில்லை, கைக்கத்திரிதான், இரண்டு நாள் பிடித்தது. ஆறாவது வாரம் 17:17:17 கலப்பு உரம் சதுர மீட்டருக்கு 30 கிராம் போட்டுத் தண்ணீர் விட்டேன், பத்து நாளில் நிறம் மாறியது.

சில்வர் ஓக் அடியில் வரவில்லை. இரண்டு முறை போட்டும் நூல் மாதிரி வந்து சாய்ந்துவிட்டது. இலை வேறு கொட்டி மூடுகிறது. அங்கே இனிப் புல் வேண்டாம் என்று முடிவு செய்து கல் பலகை ஒன்று போட்டுவிட்டோம், அத்தை அங்கேதான் உட்காருகிறார். கீழ் எட்டடியில் மாமா பத்துத் தேயிலைச் செடி வைத்திருக்கிறார், டோலமைட் படாத சிவப்பு மண்ணாகப் பார்த்து. காலையில் ஒரு சின்ன முக்காலி போட்டுக்கொண்டு புல்லில் புளியாரை பிடுங்குகிறார். பையனை இன்னும் ஓட விடவில்லை, தினம் கேட்கிறான். சின்னவள் இந்தப் புல்லில் தவழவே இல்லை, அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். அவளை வெறுங்காலோடு இறக்கிவிட்டபோது நின்று இரண்டு காலையும் மாறி மாறித் தூக்கினாள், குளிர்ந்திருக்கும் போல.

கேள்வி இதுதான். அக்டோபர் வருகிறது. இந்தப் புல் அந்த மழையைத் தாங்குமா? பையனை எப்போது விடலாம்?

பழைய ஃபீல்டு ஆபீசர், குன்னூர் – ஆகஸ்ட் 31

தாங்கும். ஒரு இடத்தில் புல்லைக் கொத்தாகப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வேர் விடாமல் இலை மட்டும் அறுந்து வந்தால் பையனை விடலாம், மண் ஈரமாக இல்லாத நாட்களில். கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பை வாரம் ஒரு இடமாக மாற்றச் சொல்லுங்கள், ஒரே இடத்தில் மிதித்தால் எந்தப் புல்லும் போய்விடும். மலர்க் கண்காட்சிக்கு முன்னால் ஊட்டிப் பூங்காவிலேயே ஆட்களை விடாமல் புல்வெளிக்கு ஓய்வு கொடுக்கிறார்கள்.

செப்டம்பர் கடைசியில் கானை ஒரு முறை தூர் வாரி, சுவர்க் குழாய்களையும் குத்திப் பாருங்கள். அக்டோபர் முதல் மூன்று அங்குலத்துக்குக் கீழே வெட்டாதீர்கள், உயரமான புல் மழைத்துளியின் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும். மழை நேரத்தில் உரம் வேண்டாம், கீழே இருப்பவர் தோட்டத்துக்குத்தான் போகும். டிசம்பரில் உங்கள் பக்கம் பனி அதிகம் இருக்காது, இருந்தால் காலை ஒன்பது மணிக்கு முன் யாரும் மிதிக்க வேண்டாம், உறைந்த இலை மிதித்தால் ஒடிந்து கருகிவிடும்.

மாமா தேயிலை நட்டது எனக்குச் சந்தோஷம். அந்தப் பத்துச் செடிக்கும் புல்லுக்குப் போட்ட உரத்தைப் போடாமல் அவர் போக்கில் விடுங்கள். என்ன ரகம் வைத்தார் என்று கேட்டு எழுதுங்கள்.